இருவருக்கும் ஒரே தப்பு வந்தால் கணினி என்ன நினைக்கும்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், ஊர் பாளையங்கோட்டை. என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மருத்துவ மேற்படிப்புப் பயிற்சியில் சேர்வதற்கான யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளும் கல்லூரித் தோழிகள் மூன்று பேருமாக, ஒரே கேள்வி வங்கியை வைத்துக்கொண்டு, தினமும் ராத்திரி வீடியோ காலில் சேர்ந்து படிக்கிறார்கள். 2024இல் நேபாளத்து டாக்டர்கள் நூற்றுக்கணக்கானவர்களின் தேர்வு முடிவை, புள்ளியியல்படி சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லி செல்லாமல் ஆக்கினார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சேர்ந்து படிப்பவர்களுக்கு ஒரே இடத்தில் தப்பு வருவது இயல்புதானே? அதை வைத்து இவர்களையும் காப்பியடித்தவர்கள் என்று சொல்லிவிட மாட்டார்களா? நீட் 2024 விவகாரத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ந்து பார்த்துவிட்டு விபரீதமாக எதுவும் இல்லை என்றது. அங்கே தெரியாதது அமெரிக்காக்காரர்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? மகள் அந்தக் குழுவிலிருந்து விலகிவிடலாமா? நால்வரும் வெவ்வேறு மாதத்தில் தேர்வு எழுதினால் பாதுகாப்பா?

பதில்:

ஐயா, வணக்கம்.

விலக வேண்டாம். நாலு பேர் சேர்ந்து படித்தார்கள் என்பதற்காக மட்டும் இந்தக் கணக்கில் யாரும் மாட்டுவதில்லை. தேர்வுகளின் விடைத் தரவை அலசுவதுதான் என் தொழில் என்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன். ஆனால் அந்தக் குழுவில் என்னென்ன பகிரப்படுகிறது என்று ஒரு முறை மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

நீங்கள் தாள் திருத்தியவர். பக்கத்துப் பக்கத்து நம்பர் இரண்டு பேரும் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. இருவரும் ஒரே வரியில் ஒரே பிளஸ்ஸை மைனஸாக மாற்றியிருந்தால்தான் நிமிர்ந்து உட்காருவீர்கள். இந்தத் துறை முழுவதும் அந்தச் சந்தேகத்திலிருந்து வந்ததுதான். மினசோட்டா பல்கலைக்கழக உளவியலாளர் சார்லஸ் பேர்ட் 1927லேயே, கொள்குறி வகைத் தேர்வில் இரண்டு பேரின் பொதுவான தவறுகளை எண்ணிப் பார்த்துக் காப்பியடிப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். கணினி வந்த பிறகு அந்த எண்ணிக்கையைப் பல மடங்கு கவனமாகச் செய்ய முடிகிறது, அவ்வளவுதான்.

கணித ஆசிரியர் என்பதால் எண்ணோடு சொல்கிறேன். இது உதாரணத்துக்கு நான் போடும் கணக்கு. 280 கேள்விகள். இரண்டு தேர்வர்கள், ஆளுக்கு 85 சதவீதம் சரி. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாவிட்டாலும் சுமார் 202 கேள்விகளில் இருவரும் ஒரே சரியான விடையைத் தந்திருப்பார்கள். ஆகவே 'முக்கால்வாசி விடை ஒன்றாக இருக்கிறதே' என்பதில் ஒரு செய்தியும் இல்லை. நன்றாகப் படித்த எந்த இரண்டு பேருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்து தவறுகளைப் பார்ப்போம். ஆளுக்கு 42 தவறு. இருவரும் சேர்ந்து தவறவிட்ட கேள்விகள், வெறும் தற்செயல் என்றால், ஆறோ ஏழோதான் இருக்க வேண்டும். நிஜத்தில் கடினமான கேள்வி எல்லோருக்கும் கடினம் என்பதால் அது 15 வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதினைந்திலும் ஒரே தவறான விடையைத்தான் தேர்ந்தெடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். தவறான நாலு விடைகளில் ஒன்று மட்டும் ஆளை இழுக்கிற மாதிரி அமைந்திருக்கும். அதனால் பாதிக்குப் பாதி ஒத்துப்போவது சகஜம் என்று எடுத்துக்கொண்டால், ஏழெட்டு ஒத்துப்போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பதினைந்தில் பதினான்கோ அதற்கு மேலோ ஒத்துப்போனால்? 2,048இல் ஒரு வாய்ப்பு.

இதைப் பார்த்ததும் 'பிடித்துவிட்டோம்' என்று குதிக்கத் தோன்றும். குதிக்கக் கூடாது. 1,000 பேர் எழுதிய தேர்வில் ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிட்டால் எத்தனை ஜோடி? 4,99,500. எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் என்று வைத்து அதை 2,048ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு தப்பும் செய்யாத சுமார் 244 ஜோடிகள் வெறும் தற்செயலாலேயே அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். அரைகுறையாகப் புள்ளியியல் தெரிந்தவர் கையில் இந்தக் கருவி கிடைத்தால் நடப்பது இதுதான். சில கல்லூரிகளின் ஆன்லைன் இன்டர்னல் தேர்வுகளில் நடப்பதும் இதுதான் என்பது என் சந்தேகம். ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் நிற்பதில்லை. எத்தனை ஜோடியை ஒப்பிட்டோமோ அதற்கேற்பக் கோட்டை மிக மிக உயரத்தில் வைப்பார்கள்.

இன்னொன்று, நான் போட்டது போல எல்லாக் கேள்விக்கும் 'பாதிக்குப் பாதி' என்று அவர்கள் வைப்பதில்லை. இந்தத் திறமையுள்ள ஒருவர், இந்தக் கேள்வியில், இந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேள்வி கேள்வியாக மதிப்பிடுவார்கள். ஜேம்ஸ் வோலக் 1997இல் முன்வைத்த ஒமேகா என்ற அளவீடு இந்த வகை. எல்லோரும் விழுகிற பள்ளத்தில் உங்கள் மகளும் தோழியும் சேர்ந்து விழுந்தால் அந்தக் கணக்கில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. யாருமே விழாத இடத்தில் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து விழுந்தால்தான் எடை கூடும்.

சேர்ந்து படிப்பதால் வரும் தப்பு எந்த வகை என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்கள் வைத்திருக்கும் கேள்வி வங்கியை உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் வைத்துப் படிக்கிறார்கள். அதனால் வரும் ஒற்றுமை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் கூட்டத்திலேயே கலந்துவிட்டது. நால்வருக்கும் மட்டும் பொதுவான ஒரு தவறான புரிதல் இருக்கலாம். ஏதோ ஒரு மருந்தின் பக்கவிளைவை நால்வரும் மாற்றி மனப்பாடம் செய்திருக்கலாம். அது இரண்டு மூன்று கேள்வியில் தெரியும். இருபது முப்பது கேள்வியில் தெரியாது.

இருபது முப்பது கேள்வியில் ஒரே தப்பு எப்படி வரும்? கசிந்த கேள்விகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து விடை போட்டு, அந்த விடைப்பட்டியலைக் கூட்டமாக மனப்பாடம் செய்தால் வரும். விடை போட்டவர் எல்லாம் தெரிந்தவர் இல்லை. அவர் எங்கெங்கே தப்பு விட்டாரோ அங்கெல்லாம், ஒருவரையொருவர் முகம்கூடப் பார்த்திராத ஐம்பது பேர், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில் அதே தப்பைச் செய்வார்கள். சரியான விடைகளை அவர்களுடைய படிப்பு என்று வாதாடலாம். தப்புகளை அப்படிச் சொல்ல முடியாது. சில தேர்வு நிறுவனங்கள் இதைத் தூண்டிலாகவும் போடுவதுண்டு. பழைய கேள்வியில் நோயாளியின் வயதையோ ரத்தப் பரிசோதனை எண் ஒன்றையோ மாற்றிவிடுவார்கள். சரியான விடை மாறிவிடும். படித்துப் பார்ப்பவர் புதிய விடைக்குப் போவார். மனப்பாடம் செய்தவர் முதல் இரண்டு வரியைப் பார்த்ததுமே பழைய விடையை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்.

'அழுத்திவிட்டு நகர்வது' என்றேனே, அதுதான் கணினித் தேர்வு தரும் இரண்டாவது சாட்சி. ஓ.எம்.ஆர். தாளில் எந்த வட்டத்தை எத்தனை மணிக்குக் கருப்பாக்கினார் என்று யாருக்கும் தெரியாது. கணினியில் ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை விநாடி நின்றார் என்பது பதிவாகிறது. 2024 வாக்கில் யூ.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 என்றால் ஒரு மணி நேரப் பகுதிகள் ஏழு, பகுதிக்கு அதிகபட்சம் 40 கேள்விகள். சராசரியாகக் கேள்விக்கு ஒன்றரை நிமிடம். அரைப்பக்க நோயாளி வரலாற்றைப் பதினைந்து விநாடியில் முடித்து, அதுவும் சரியாக முடித்தால், அவர் படிக்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டார் என்று தோன்றும்.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: என் மகள் இயல்பிலேயே வேகமானவள், அவள் கதி என்ன? நியாயமான கேள்வி, அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. விம் வான் டெர் லிண்டன் என்ற டச்சு ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட புள்ளியியல் மாதிரியில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வேகம், ஒவ்வொரு கேள்விக்கும் அது கேட்கும் நேரம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். வேகமானவர் எல்லாக் கேள்வியிலும் வேகமாக இருப்பார். அதில் சந்தேகமே எழாது. யூ.எஸ்.எம்.எல்.இ.யில் மதிப்பெண்ணில் சேராத, சோதனைக்காக நுழைக்கப்பட்ட புதுக் கேள்விகளும் கலந்திருக்கின்றன. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள கேள்விகளில் பறந்துவிட்டு, புதுக் கேள்விகளில் மட்டும் எல்லோரையும் போல நின்று நிதானித்தால், அந்த வித்தியாசம் ஒரே ஆளுக்குள் தெரிகிறது. அவரை இன்னொருவரோடு ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் நேரம் போதாமல் அவசரமாகக் குறிப்பவர்களையும் பிரித்துவிடலாம், அவர்கள் வேகம் சரி, விடைதான் சரியாக இருக்காது. வேண்டுமென்றே சும்மா உட்கார்ந்து நேரம் கடத்துகிறவர்களும் உண்டு. எந்தக் கேள்வி எவ்வளவு நேரம் கேட்கும் என்று தெரிந்து நாள் முழுக்க அப்படி நடிப்பது லேசு இல்லை.

இப்போது நேபாள விவகாரத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரி 31 அன்று யூ.எஸ்.எம்.எல்.இ. நிர்வாகம், நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்களின் விடைகளில் அசாதாரணப் போக்கு தெரிவதாகவும், அது பாதுகாக்கப்பட்ட கேள்விகள் முன்கூட்டியே கைக்குக் கிடைத்ததைக் காட்டக்கூடும் என்றும் அறிவித்து, அவர்களுடைய தேர்வு முடிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. பாதிக்கப்பட்டவர்கள் 800க்கும் மேல். ஏற்கெனவே ரெசிடென்சியில் சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நிர்வாகம் முன்வைத்த காரணங்களில் நான் மேலே சொன்ன இரண்டும் உண்டு: ஒரே காலகட்டத்தில் எழுதியவர்களோடு நம்ப முடியாத அளவு விடை ஒற்றுமை, இயல்புக்கு மாறான விடை நேரம். மறுபடி ஒரு சரிபார்ப்புத் தேர்வு எழுதலாம், அல்லது மறுபரிசீலனை கேட்கலாம் என்றார்கள். பிப்ரவரியில் ஒரு மருத்துவர் வாஷிங்டன் ஃபெடரல் நீதிமன்றத்தில், இது தேசத்தையும் இனத்தையும் பார்த்துச் செய்த பாகுபாடு என்று வழக்குப் போட்டார். முடிவுகளை உடனே திருப்பித் தர உத்தரவிடும்படி கேட்டதை நீதிபதி அந்த மாதக் கடைசியிலேயே மறுத்துவிட்டார்.

இதில் என் அபிப்பிராயம் இரண்டு பக்கமும் இழுக்கும். விடை ஒற்றுமையும் விடை நேரமும் ஒரே ஆளைச் சுட்டினால், அது தற்செயல் என்று நான் வாதாட மாட்டேன். இரண்டும் தனித்தனி வழியில் வருகிற சாட்சிகள். கசிவு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் தேடலை அந்தப் பக்கம் குவிப்பதும் நியாயம்தான், இல்லாவிட்டால் ஜோடிகளின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் போய்விடும். ஆனால் தேடுவதற்கு நாட்டைப் பயன்படுத்துவது ஒன்று, ஒரு தனி ஆளுக்கு எதிரான காரணங்களின் பட்டியலில் நாட்டையும் சேர்ப்பது வேறு. காத்மாண்டுவில் நேர்மையாகப் படித்து எழுதிய ஒருவர் பிறந்த ஊரைச் சாட்சியாக வைத்தால் அவர் என்ன பதில் சொல்ல முடியும்? அந்த இடம் எனக்கு உறுத்துகிறது.

இயந்திரப் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் அமெரிக்காவின் டார்ட்மத் பல்கலைக்கழகத்து கைசல் மருத்துவக் கல்லூரியே உதாரணம். வீட்டிலிருந்து ஆன்லைனில் தேர்வு எழுதும்போதே பாடக்குறிப்புகளைத் திறந்து பார்த்தார்கள் என்று 17 மாணவர்கள் மீது குற்றம் சாட்டினார்கள். ஆதாரம், கேன்வாஸ் என்ற கற்றல் மென்பொருளின் பதிவுகள். மாணவரின் இன்னொரு போனிலோ லேப்டாப்பிலோ அந்தப் பக்கம் திறந்து கிடந்தால், ஆள் தொடாமலே அது தானாகப் புதுப்பித்துக்கொண்டு பதிவை உண்டாக்கும் என்பது பிறகுதான் வெளிவந்தது. ஜூன் மாதம் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

நீட் பற்றிக் கேட்டீர்கள். அங்கே கேட்ட கேள்வியே வேறு. 2024 மே 5 அன்று நடந்த அந்தத் தேர்வை 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பார்த்தது மதிப்பெண்களின் பரவலை: முதல் 1.4 லட்சம் இடங்களுக்குள் வந்தவர்கள், 2023ஐயும் 2024ஐயும் வைத்து, நகரம் நகரமாக, மையம் மையமாக. பரவலான முறைகேடு இருந்தால் அதில் எங்காவது மேடு தட்டுப்பட்டிருக்கும், தட்டுப்படவில்லை என்றார்கள். ஜூலை 23 அன்று தேர்வை ரத்து செய்ய மறுத்தபோது உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது, ஹசாரிபாக், பாட்னா மையங்களில் பயனடைந்ததாக சி.பி.ஐ. விசாரணையில் தெரியவந்த சுமார் 155 பேரை. 23 லட்சத்தில் 155 என்பது லட்சத்துக்கு ஏழு பேர்கூட இல்லை. அவர்கள் அனைவருமே அந்த 1.4 லட்சத்துக்குள் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரத்துக்கு ஒருவர்தான். அவ்வளவு பெரிய வளைகோட்டில் அது அசைவே காட்டாது. 'கசிவால் தேர்வு முழுவதும் கெட்டுவிட்டதா' என்பதற்கு அந்த ஆய்வு பதில் சொன்னது. 'யாருக்காவது முன்பே வினாத்தாள் கிடைத்ததா' என்பதற்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தவிர அது தாளில் எழுதிய தேர்வு, விடை நேரம் என்ற தரவே கிடையாது.

அதே சமயம் தாள் தேர்விலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும். நம்முடைய டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு, 2019 செப்டம்பரில் நடந்தது, ஞாபகம் இருக்கும். ராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டு ஊர் மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் உச்சியில் கூட்டமாக வந்து நின்றார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒமேகாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பட்டியலைப் பார்த்த மற்ற தேர்வர்களுக்கே தெரிந்துவிட்டது. விசாரித்தபோது, குறித்த விடை தானே மறைந்துபோகும் மை வரைக்கும் போனது, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள்.

இனி உங்கள் மகள் செய்ய வேண்டியது.

நம் பல்கலைக்கழகங்களில் போன வருஷக் கேள்வித்தாளை வைத்துப் படிப்பது தப்பே இல்லை, கடையிலேயே விற்பார்கள். வைவா முடிந்து வெளியே வருகிறவரைச் சுற்றி நின்று "என்ன கேட்டாங்க?" என்று கேட்டுத்தான் எல்லோரும் படித்தோம். அந்தப் பழக்கத்தை யூ.எஸ்.எம்.எல்.இ.க்கு எடுத்துப் போகக் கூடாது. அங்கே கேள்விகள் ரகசியம், திரும்பத் திரும்பப் பயன்படுகிறவை, வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். 'ரீகால்' என்ற பெயரில் டெலிகிராமிலும் வாட்ஸ்ஆப்பிலும் சுற்றுவது அப்படி வெளியே சொன்னவைதான். மேலாண்மைப் படிப்புக்கான ஜி.மேட். தேர்வில் 2008இல் ஸ்கோர்டாப் என்ற இணையதளத்தில் நடப்புக் கேள்விகளைப் பகிர்ந்த, பார்த்த 84 பேரின் மதிப்பெண்களை ரத்து செய்தார்கள். சும்மா படித்துப் பார்த்தேன் என்பது அங்கே காப்பாற்றவில்லை. ஆகவே நால்வர் குழுவில் தப்பில்லை. அதில் யாராவது ரீகால் பி.டி.எஃப். ஒன்றைப் போட்டால் திறக்காமல் அழிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வேறு பெரிய குழு எதிலாவது உறுப்பினராக இருந்து, அங்கே அது ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே வெளியேறட்டும்.

தேதியைப் பற்றி: வெவ்வேறு மாதத்தில் எழுதுவதால் கணக்கில் பாதுகாப்பு பெரிதாக அதிகமாகிவிடாது, மாதம் தாண்டியும் ஜோடிகளை ஒப்பிடலாம். சொல்லப்போனால் முதலில் எழுதியவள் அடுத்தவளுக்குச் சொல்ல வேண்டும் என்ற சபலம் அதிகமாகும். அவரவர் தயாரானபோது எழுதட்டும். முதலில் முடித்தவள் கடைசி ஆள் முடிக்கும்வரை தேர்வைப் பற்றி, எந்தப் பாடத்தில் அதிகம் வந்தது என்பதைக்கூடப் பேச வேண்டாம்.

கேள்வி வங்கியில் எந்தத் தேதியில் எத்தனை கேள்வி போட்டார்கள், எவ்வளவு சரி என்ற கணக்கை அதுவே சேமித்து வைத்திருக்கும். சந்தா முடிவதற்குள் அதைத் தரவிறக்கி வைக்கட்டும். தேர்வு நடத்தும் என்.பி.எம்.இ.யே விற்கும் சுயமதிப்பீட்டுத் தேர்வுகளை இரண்டு மூன்று முறை இடைவெளி விட்டு எழுதி, அந்த முடிவுகளையும் வைத்திருக்கட்டும். படிப்படியாக ஏறிய மதிப்பெண் கையில் இருந்தால், ஒருவேளை முடிவைச் சந்தேகித்துக் கடிதம் வந்தாலும் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். அப்படி வந்தால் கோபத்தில் மூன்று பக்க மின்னஞ்சல் எழுத விடாதீர்கள். கடிதத்தில் உள்ள கெடுவைக் குறித்துக்கொண்டு, என்ன காரணங்கள் என்று எழுத்தில் கேட்டு, அமெரிக்கத் தேர்வு வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் ஒரு முறையாவது பேசிவிட்டுப் பதில் அனுப்பட்டும். மறுதேர்வு எழுதச் சொன்னால், கசப்பாக இருந்தாலும், படித்தது நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். நேபாளத்து மருத்துவர்களில் சிலருக்கு அந்தத் தேர்வு முடிந்து வருஷங்கள் ஓடியிருந்தன, வார்டில் வேலை பார்த்துக்கொண்டே உயிர்வேதியியலை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது.